சேத் ரோகன் தப்பான ஆள் இல்ல

2011ல வந்த ‘தி கிரீன் ஹார்னெட்’ படத்தப் பத்தி எங்க பேச்சு வந்தாலும் ஒரே வரில முடிச்சுருவாங்க. சேத் ரோகன்னு ஒரு காமெடியன கொண்டுவந்து சூப்பர்ஹீரோவா போட்டாங்க, படம் நாசமாப் போச்சு, அவ்ளோதான். எனக்கு இந்தத் தீர்ப்ப ஏத்துக்கவே முடியல. படம் சரியா வரலைங்கறதுல எனக்கும் மறுப்பு இல்ல, ஆனா பழிய தூக்கிப் போடுற எடம் தப்பு. அந்தப் படத்துக்குள்ள ஒரு ரொம்ப நல்ல படம் பாதி வழி வந்து நிக்குது, அத பாக்காம எல்லாரும் தாண்டிப் போறாங்களேன்னு உண்மையாவே வருத்தமா இருக்கு, அதான் இவ்ளோ நீளமா எழுத உக்காந்தேன்.

கிரீன் ஹார்னெட் காமிக்ஸ்ல பொறந்தவன் இல்ல, ரேடியோல பொறந்தவன். 1936ல டெட்ராய்ட்ல ஒரு ரேடியோ ஸ்டேஷன்ல ஆரம்பிச்சது, ஜார்ஜ் ட்ரெண்டில், ஃபிரான் ஸ்ட்ரைக்கர், அதாவது லோன் ரேஞ்சர்ங்கற முகமூடி போட்ட கௌபாய் ஹீரோவ குடுத்த அதே கூட்டணி. கதைப்படி ஹீரோ பிரிட் ரீட், லோன் ரேஞ்சரோட அண்ணன் பேரன். டெய்லி சென்டினல்னு ஒரு பேப்பர் நடத்துற பணக்காரன், ராத்திரியான முகமூடி மாட்டிகிட்டு தானும் ஒரு கிரிமினல் மாதிரி நடிச்சு கிரிமினல்கள மாட்டிவிடுவான். போலீசும் அவன தேடும், ரவுடிகளும் அவன நம்மாளுன்னு நெனச்சுக்குவாங்க. கூட கேட்டோன்னு ஒருத்தன், வீட்டு வேலை, கார் ஓட்டுறது, அடிதடி எல்லாத்துக்கும் அவன்தான்.

1966ல ஏபிசி டிவில இது சீரியலா வந்துச்சு, வான் வில்லியம்ஸ் ஹீரோ, கேட்டோவா புரூஸ் லீ. அதே சேனல், அதே தயாரிப்பாளர் வில்லியம் டோசியர், அப்பதான் ஆடம் வெஸ்ட்ட வச்சு பேட்மேன் சீரியலயும் ஓட்டிகிட்டிருந்தார். பேட்மேன முழுக்க முழுக்க கிண்டலா எடுத்தாங்க, கிரீன் ஹார்னெட்ட சீரியஸா எடுத்தாங்க. 26 எபிசோட்ல முடிஞ்சு போச்சு. ஆனா அந்த 26ல ஜனங்க கண்ணு எங்க இருந்துச்சுன்னா கார் ஓட்டுற ஆள் மேலதான். ஹாங்காங்ல அத கேட்டோ ஷோன்னே சொன்னாங்க. ஹீரோ பேர்ல ஓடுற சீரியல்ல ஹீரோவ விட பக்கத்துல நிக்கறவன் பெரிய ஆளுங்கறது அன்னிக்கே ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

இப்ப சேத் ரோகனும் அவரோட நண்பர் இவான் கோல்ட்பெர்க்கும் எழுதுன ஸ்கிரிப்ட்ட இத மனசுல வச்சுகிட்டு பாருங்க. அவங்க ஹீரோ ஒண்ணுத்துக்கும் உதவாதவன். அப்பா சம்பாதிச்ச காசுல பார்ட்டி பண்ணி காலம் தள்ளுறவன். கார வடிவமைக்கிறது கேட்டோ, ஆயுதம் செய்யறது கேட்டோ, சண்டை போடுறது கேட்டோ, காலைல காஃபி போடுறது கூட கேட்டோ. அப்பா செத்ததும் பிரிட் ரீட் வீட்டு ஆளுங்கள வேலைய விட்டு அனுப்பிடுறான், மறுநாள் காஃபி கேவலமா இருக்கு, இத்தன நாள் அந்த நல்ல காஃபிய போட்டது யாருடான்னு கேக்கப்போகத்தான் கேட்டோன்னு ஒரு ஆள் இருக்கறதே அவனுக்குத் தெரிய வருது. அந்த காஃபி மெஷினையும் அவனே செஞ்சு வச்சிருக்கான். யோசிச்சுப் பாருங்க, சீரியலோட மொத்த வரலாறையும், அதாவது பேர் ஒருத்தனுக்கு வேலை இன்னொருத்தனுக்குங்கறத, ஒரு கப் காஃபில சொல்லிட்டாங்க. இது சாதாரண ஆளுக்குத் தோணுற ஐடியா இல்ல. இப்படி ஒரு ஹீரோவ நடிக்க காமெடியனத் தவிர வேற யார போடுவீங்க? உடம்ப ஏத்தி வச்ச ஒரு அழகன போட்டா அவன் உதவாக்கரைன்னு எவன் நம்புவான்?

இன்னொண்ணும் சொல்லணும். முகமூடி போடுற ஹீரோ கதை அடிப்படையிலயே காமெடி சிச்சுவேஷன்தான். ஒரே ஆள் ரெண்டு சட்டைல வர்றான், எதிர்ல நிக்கறவங்களுக்கு அடையாளம் தெரியல. 1978 சூப்பர்மேன்ல கிறிஸ்டோபர் ரீவ் இத புரிஞ்சுகிட்டு பண்ணியிருப்பார், சூப்பர்மேன் சாதாரண ஆளா வர்ற கிளார்க் கென்ட்ட அவர் கேரி கிராண்ட்டோட பழைய காமெடி படத்துலேர்ந்து எடுத்தேன்னே சொல்லியிருக்கார். கூட வேலை பாக்கற லோயிஸ் வீட்டுல ஒரு சீன் வரும், அவ உள்ள போயிருக்கா, இவர் கண்ணாடிய கழட்டுவார், கூனல் நிமிரும், தோள் விரியும், குரல் எறங்கும், உண்மைய சொல்லிடலாம்னு வாய தெறப்பார், அடுத்த நொடி மறுபடி கண்ணாடி, மறுபடி கூனல், மறுபடி அந்த தடுமாற்றம். கட் இல்லாம ஒரே ஷாட். டைமிங் தெரியாத நடிகனுக்கு அது சாத்தியமே இல்ல.

காமெடியன போட்டா படம் கெட்டுரும்ங்கற பயம் பழசு. 1988ல டிம் பர்ட்டன் பேட்மேனுக்கு மைக்கேல் கீட்டன்னு அறிவிச்சப்ப நடந்த ரகளைய இப்ப நெனச்சாலும் ஆச்சரியமா இருக்கு. வார்னர் பிரதர்ஸ் ஆபீசுக்கு 50,000 கண்டனக் கடிதம் வந்துச்சுன்னு இன்னிக்கும் சொல்றாங்க. ஸ்டாண்ட்-அப் பண்ணிகிட்டிருந்து சினிமாவுக்கு வந்த ஆள், ‘மிஸ்டர் மாம்’ல வீட்டுல பசங்கள பாத்துக்க முடியாம திண்டாடுற அப்பாவா வந்தவர், அதே 1988ல ‘பீட்டில்ஜூஸ்’ல பேயா வந்து கூத்தடிச்சவர். ரசிகர்கள் பயந்ததுக்கும் காரணம் இருந்துச்சு. ஆடம் வெஸ்ட்டோட கிண்டல் பேட்மேன்லேர்ந்து தப்பிச்சு, 1986ல ஃபிராங்க் மில்லரோட பேட்மேன் காமிக்ஸ் வந்து, எங்க ஹீரோவும் சீரியஸான ஆள்தான்னு இப்பதான் அவங்களால தலை நிமிந்து சொல்ல முடிஞ்சுது, அந்த நேரம் பாத்து காமெடி நடிகரான்னு ஒரு பொருமல். படத்தோட உரிமைய 1979லயே வாங்கி வச்சு பத்து வருஷம் அதுக்காக அலைஞ்ச மைக்கேல் உஸ்லானே கீட்டன் பேர கேட்டதும் அதிர்ந்து போனாராம்.

பர்ட்டன் சொன்ன பதில் எனக்கு ரொம்ப புடிக்கும். ஆறடி ஒசரத்துல கட்டு மஸ்தா இருக்கற ஒருத்தன் எதுக்கு வௌவால் மாதிரி டிரெஸ் போடணும்? அவன் நேரா போயி அடிச்சாலே போதுமே. கீட்டன் மாதிரி ஒரு ஆளுக்குத்தான் அந்த டிரெஸ் தேவைப்படும். இதுதான் அவர் வாதத்தோட சாரம். ஹீரோ ஏன் முகமூடி போடுறான்ங்கற கேள்விக்கு நடிகரோட உடம்புலயும் கண்ணுலயும் பதில் தேடுன டைரக்டர் அவர்.

படத்துல கீட்டன் என்ன பண்ணாருன்னு கிட்டத்துல போயி பாருங்க. முகமூடி இல்லாதப்ப பேட்மேன் பேரு ப்ரூஸ் வெய்ன், அவர் மாளிகைல ஒரு பார்ட்டி. விக்கி வேல்னு ஒரு போட்டோகிராஃபர் வந்து, அவர்தான் ப்ரூஸ் வெய்ன்னு தெரியாம, இங்க ப்ரூஸ் வெய்ன் யாருங்கன்னு அவர்கிட்டயே கேப்பா. இவர், எனக்கு சரியா தெரியலைன்னு சொல்லுவார். வசனத்த மட்டும் படிச்சா அது ஜோக். கீட்டன் அத ஜோக்கா சொல்லல, நெஜமாவே அந்தக் கேள்விக்கு பதில் தெரியாத மாதிரி ஒரு நொடி முழிக்கிறார், சிரிப்பும் வருது, இவன் யாருன்னு இவனுக்கே தெரியலையேன்னு லேசா ஒரு பயமும் வருது. அப்பறம் அந்த நீள டேபிள் சீன். இந்தக் கோடில அவர், அந்தக் கோடில அவ, நடுவுல ஒரு தெருவே ஓடுற அளவுக்கு தூரம், ரெண்டு பேரும் சூப் குடிக்கிறாங்க. கொஞ்ச நேரம் ஏதோ சமாளிச்சுட்டு கடைசில சொல்லுவார், உண்மைய சொல்லணும்னா நான் இந்த ரூமுக்கு இதுக்கு முன்னாடி வந்ததா ஞாபகமே இல்லன்னு. அப்பா அம்மா போனதுக்கு அப்பறம் அவ்ளோ பெரிய வீட்டுல ஒரு ஓரமா ஒண்டிகிட்டு இருந்த பையன் அந்த ஒரு வரில தெரியறான். வேற நடிகர் இதயே கண்ணு கலங்க சொல்லியிருப்பார், சப்புன்னு போயிருக்கும்.

ரப்பர் சூட் விஷயமும் அப்படித்தான். அத மாட்டிகிட்டா கழுத்த திருப்பவே முடியாது, திரும்பணும்னா இடுப்புலேர்ந்து மொத்த உடம்பையும் திருப்பணும், உள்ள மூச்சு முட்டுற மாதிரி ஒரு அடைப்பு. கீட்டன் அந்த அடைப்பையே கேரக்டருக்கு எடுத்துகிட்டார், தனியா அடைபட்டு கெடக்கறவன் இப்படித்தான் இருப்பான்னு. பேட்மேன் மெதுவா மொத்தமா திரும்பறது ஒரு ஸ்டைலாவே ஆயிடுச்சு.

எல்லாத்த விட பெரிய விஷயம், அந்தப் படத்துல சிரிக்க வைக்கிற உரிமைய கீட்டன் முழுசா வில்லன் ஜோக்கரா வந்த ஜாக் நிக்கல்சனுக்கு விட்டுக் குடுத்துட்டார். ஜோக்கர் பாடுறான், ஆடுறான், மியூசியத்துல பெயின்ட் அடிச்சு பாழாக்குறான். எதிர்ல இருக்கறவர் அவர விட வேகமா காமெடி பண்ணத் தெரிஞ்ச ஆள். இருந்தும் அவர் சும்மா நிக்கறார். காமெடி தெரியாதவன் சும்மா நின்னா அது வெறும் சும்மா நிக்கறது. தெரிஞ்சவன் அடக்கிகிட்டு நிக்கறப்ப உள்ள ஏதோ கொதிக்குதுன்னு பாக்கறவனுக்கு தெரியுது. விக்கி வீட்டுல திடீர்னு ஒரு கம்பிய எடுத்து சாமானெல்லாம் ஒடச்சுகிட்டு, பைத்தியம் புடிக்கணுமா வா புடிப்போம்னு ஜோக்கர பாத்து கத்துவாரே, அந்த ஒரு எடத்துல மட்டும் மூடிய தொறக்கறார், அதான் அவ்ளோ அதிருது. 1989 ஜூன் 23 ரிலீஸ், மொத வீக்கெண்ட்லயே அமெரிக்கால 4 கோடி டாலர் தாண்டி அன்னிக்கு அது சாதனை, உலகம் முழுக்க 40 கோடி டாலருக்கு மேல. கடிதம் எழுதுனவங்களும் டிக்கெட் வாங்கிதான் பாத்திருப்பாங்க.

அப்ப ரோகனுக்கு மட்டும் ஏன் நடக்கல? அவர் விடாம பேசுறார்னு சொல்லுவாங்க. ஆமா, படம் பூரா பேசுறார். சண்டைல பேசுறார், கார்ல பேசுறார், எதிர்ல துப்பாக்கி நீட்டுனா அதுக்கும் ஏதாவது சொல்றார். ஆனா பேச்சு மட்டுமே குத்தம் இல்ல. 2016ல டெட்பூல் வந்துச்சு, ரயன் ரெனால்ட்ஸ் வாயே மூடல, உலகமே கொண்டாடுச்சு. அந்தப் பேச்சுக்கு அடில கேன்சர் இருக்கு, உருக்குலஞ்ச மொகம் இருக்கு, காதலி முன்னாடி போயி நிக்க முடியாத அவமானம் இருக்கு, படம் அத நமக்கு மறைக்காம காட்டுது, அதனால அவன் பேசப்பேச நமக்கு வலிக்குது. இதே ரெனால்ட்ஸ் 2011ல கிரீன் லான்டர்ன்ங்கற இன்னொரு சூப்பர்ஹீரோவா பண்ணப்ப அப்படி எதுவும் கீழ இல்ல, படம் எடுபடல. அதே நடிகர், அதே மாதிரி வாய்.

பிரிட் ரீட்டுக்கும் கீழ ஒண்ணு இருந்துச்சு, அதுதான் கொடுமை. படம் ஆரம்பத்துலயே சின்னப் பையன் பிரிட் கைல ஒரு சூப்பர்ஹீரோ பொம்மை, அப்பா அத புடுங்கி தலைய பிச்சு குப்பைல போடுறார். எவ்ளோ வன்மமான சீன்! அப்பறம் அப்பா செத்துட்டார், சிலை வைக்கிறாங்க, பிரிட்டும் கேட்டோவும் குடிச்சுட்டு ராத்திரில போயி அந்த சிலையோட தலைய அறுக்கறாங்க. அங்கேர்ந்துதான் அவங்க ஹீரோ ஆகறதே ஆரம்பிக்குது. பொம்மையோட தலைக்கு பதில் சிலையோட தலை, இத எழுதுனவங்களுக்கு தெரியாமலா எழுதியிருப்பாங்க? துக்க வீட்டுல ஒரு ஆள் இருப்பான் பாருங்க, எல்லாரும் அமைதியா உக்காந்திருக்கறப்ப சம்பந்தமே இல்லாம வாய் ஓயாம பேசிகிட்டே இருப்பான், நிறுத்துனா அழுதுருவோம்ங்கற பயத்துல, பிரிட் ரீட் அப்படி ஒருத்தனா ஆகியிருக்கணும். ரோகன் அதுக்கு அவ்ளோ பொருத்தம். ஆனா படம் அவன் வாய ஒரு தடவை கூட நிறுத்தி அடில என்ன இருக்குன்னு பாக்கல. ஒவ்வொரு தடவையும் கிட்ட வரும், உடனே ஒரு ஜோக் வந்து காப்பாத்திடும்.

கேட்டோவும் பிரிட்டும் வீட்டுக்குள்ள அடிச்சுக்கற சண்டை ஒரு நல்ல உதாரணம். எனக்கு படத்துலயே புடிச்ச எடம் அது. சாமான் செட்டெல்லாம் ஒடச்சுகிட்டு ரொம்ப நேரம் போகும், சிரிப்பா இருக்கும், ஆனா அது உண்மையான சண்டை. எல்லாத்தையும் செய்யறவன் நான், நீ என்ன எடுபிடின்னு சொல்றியான்னு கேட்டோவுக்கு கோவம். இவன் இல்லாம நான் ஒண்ணுமே இல்லன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்ச ஒருத்தனோட பொறாமை பிரிட்டுக்கு. 1966லேர்ந்து பாக்கி இருந்த கணக்கு அது. கேட்டோவா நடிச்ச ஜே சௌ, சீன மொழி பாட்டுல அவ்ளோ பெரிய ஸ்டார், அந்த சீன்ல வசனத்த விட முறைப்பாலயே எல்லாத்தையும் சொல்லிடுறார். அதுக்கப்பறம் ரெண்டு பேரும் சமாதானம் ஆகறது இருக்கே, போற போக்குல முடிச்சுட்டாங்க. பிரிட் உக்காந்து அந்த உண்மைய முழுங்குற ஒரு நிமிஷத்த குடுத்திருந்தா போதும்.

ஏன் குடுக்கல? என் கணிப்பு இதுதான்: ரோகனே எழுதுனார், ரோகனே நடிச்சார், எக்ஸிக்யூட்டிவ் ப்ரொட்யூசர் பட்டியல்லயும் அவர் பேர் இருக்கு. தனக்கு என்ன நல்லா வரும்னு தெரிஞ்ச ஒரு நடிகன் தனக்கே எழுதிக்கறப்ப, தனக்கு சொகமா இருக்கற எடத்துலயே நின்னுடுறான், அத புடுங்க இன்னொரு ஆள் வேணும். டைரக்டர் மிஷெல் கோண்ட்ரி அந்த ஆளா இருந்திருக்க முடியும்னு நெனைக்கறப்பதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. 2004ல ‘எடர்னல் சன்ஷைன் ஆஃப் தி ஸ்பாட்லெஸ் மைண்ட்’ எடுத்தது அவர்தான். ஜிம் கேரிய, மொகத்தயே ரப்பர் மாதிரி இழுக்கற ஜிம் கேரிய, தலைய குனிஞ்சுகிட்டு முணுமுணுன்னு பேசுற ஒரு ஆளா மாத்தி காட்டுனவர். ஆனா அந்தப் படத்தோட ஸ்கிரிப்ட் சார்லி காஃப்மன் எழுதுனது, ஜிம் கேரி எழுதுனது இல்ல. கிரீன் ஹார்னெட்டுக்கு மொதல்ல டைரக்டர், கேட்டோ ரெண்டுமா பேசி வச்சது ஸ்டீபன் சௌவ, ‘குங் ஃபூ ஹஸ்ஸில்’ எடுத்தவர, அவர் வெலகிட்டார், அப்பறம்தான் கோண்ட்ரி வர்றார், ஸ்கிரிப்ட் ஏற்கனவே ரோகன் குரல்ல உக்காந்திருக்கு.

சர்டிபிகேட்டும் ஒரு காரணம், இத யாரும் பேசுறதில்ல. ரோகனோட காமெடி ‘நாக்ட் அப்’, ‘பைனாப்பிள் எக்ஸ்பிரஸ்’ மாதிரி பெரியவங்களுக்கான படத்துல வளந்தது, கெட்ட வார்த்தை, கஞ்சா, கூச்சமே இல்லாத பேச்சு. கிரீன் ஹார்னெட்டுக்கு சுமாரா 12 கோடி டாலர் பட்ஜெட், அவ்ளோ காசு போட்டா பிள்ளைங்களும் வரணும், அதனால பிள்ளைங்களும் பாக்கற மாதிரி பிஜி-13 சர்டிபிகேட். அவர் பேச்சுல இருந்த காரத்த எடுத்துட்டாங்க, பேச்சோட அளவ மட்டும் குறைக்கல. உலக வசூல் 22 கோடி டாலருக்கு மேல வந்துச்சு, இருந்தும் அடுத்த பாகம் வரல.

ரோகனால முடியாதுன்னு சொல்றவங்களுக்கு நான் ரெண்டு படம் காட்டுவேன். 2015ல வந்த ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’, ஆரோன் சோர்கின் எழுத்து, டேனி பாயில் டைரக்ஷன். ரோகன் அதுல ஜாப்ஸோட சேந்து ஆப்பிள ஆரம்பிச்ச ஸ்டீவ் வாஸ்னியாக். ஆப்பிள் டூங்கற பழைய கம்ப்யூட்டர் டீம்ல வேலை பாத்தவங்களுக்கு மேடைல ஒரு வார்த்தை நன்றி சொல்லுன்னு ஆடிட்டோரியத்துல எல்லார் முன்னாடியும் ஜாப்ஸ்கிட்ட கேக்கறார், ஜாப்ஸ் மாட்டேங்கறான், ரோகன் மொகத்துல நண்பன இழக்கற வலி அப்படியே தெரியுது. கவனிச்சீங்களா, வேலை செஞ்சது நாங்க பேர் உனக்காங்கற அதே கேட்டோவோட கேள்வி, இந்தத் தடவ கேக்கறது ரோகன். அப்பறம் 2022ல ஸ்பீல்பெர்க்கோட ‘தி ஃபேபல்மன்ஸ்’. குடும்பத்துக்கு ரொம்ப வேண்டிய சிநேகிதனா வர்றார், அதே சிரிப்பு, அதே கலகலப்பு, ஆனா ஸ்பீல்பெர்க் அந்த சிரிப்ப தூரத்துலேர்ந்து ஒரு பையனோட கேமரா வழியா காட்டுறார், அப்ப அதுல ஒரு வீடே ஒடையறது தெரியுது. ரோகன் எதையும் மாத்திக்கல. வேற ஒருத்தர் எழுதுனாங்க, வேற ஒருத்தர் பாத்தாங்க.

இப்ப நெலமை மாறிடுச்சு. கிறிஸ் பிராட், பால் ரட் எல்லாம் காமெடிலேர்ந்து வந்து மார்வெல் ஹீரோ ஆகியாச்சு, யாரும் கடிதம் எழுதல. ஆனா 2004ல கிரீன் லான்டர்ன ஜாக் பிளாக்க வச்சு காமெடியா எடுக்கறதா நியூஸ் வந்ததுக்கே ரசிகர்கள் கொதிச்சாங்க, திட்டத்தயே கைவிட்டுட்டாங்க. அது நல்லா வந்திருக்குமோ வராதோ, ஆனா அந்த ஸ்கிரிப்ட்ட கேமரா முன்னாடி நிறுத்திப் பாக்கவே விடாம பண்ணது சரி இல்லன்னுதான் எனக்குத் தோணுது.

கிரீன் ஹார்னெட்ட மறுபடி யாராவது எடுக்கத்தான் போறாங்க, இந்த மாதிரி பேர்கள ஹாலிவுட் விடாது. எடுத்தா சீரியஸான ஒரு ஆள போட்டு இருட்டுல எடுத்து பரிகாரம் தேடாதீங்க, காமெடி தெரிஞ்ச ஆளயே போடுங்க. ஸ்கிரிப்ட்ட மட்டும் அவர் கைல குடுக்காம, அவர நல்லா தெரிஞ்ச, அவர்மேல கொஞ்சம் ஈவு இரக்கம் இல்லாத ஒரு ஆள்கிட்ட குடுங்க. ஒரே ஒரு சீன் கேட்டுக்கறேன். இத்தன வருஷமா கேட்டோவும்தான் முகமூடி போடுறான், உயிர குடுத்து சண்டை போடுறான், ஆனா முகமூடிக்கு ஒரு பேர் வச்சுகிட்டது முதலாளி மட்டும்தான், இவன் முகமூடி போட்டாலும் போடாட்டியும் வெறும் கேட்டோ. இது பிரிட் ரீட்டுக்கு ஒரு ராத்திரி திடீர்னு ஒறைக்கணும், பேசிகிட்டே இருந்தவன் வாய் அடைச்சு போகணும், கேமரா அவன் மொகத்த விட்டு நகரவே கூடாது. அந்த வேஷத்துக்கு மறுபடி ரோகனையே கூப்பிட்டாலும் நான் மொத நாள் மொத ஷோ போயிடுவேன்.